மாலத்தீவில் 50 டாலர் அறை 76 டாலர் ஆகும் கணக்கு

மாலத்தீவு என்றதும் தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் குடிலும், ஓர் இரவுக்கு ஐந்நூறு டாலர் வாடகையும்தான் நினைவுக்கு வரும். 1972-இல் குரும்பா என்ற தீவில் முதல் ரிசார்ட் திறந்தது. அங்கே குரும்பா என்றால் இளநீர்க்காய். நம் குரும்பைக்குப் பக்கத்து வீட்டுச் சொல். அதன்பின் நெடுங்காலம் சுற்றுலாப் பயணி ரிசார்ட் தீவில்தான் தங்க முடியும், மக்கள் வாழும் தீவில் முடியாது என்ற நிலை. 2010-ஐ ஒட்டி அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, மாஃபுஷி, துலுஸ்தூ, திகுரா, உகுலாஸ் போன்ற ஊர்த்தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ்கள் முளைத்தன. நடுத்தரக் குடும்பம் மாலத்தீவுக்குப் போய்வரலாம் என்ற பேச்சு வந்தது அதற்குப் பிறகுதான்.

போய்வரலாம் என்பது உண்மைதான். ஆனால் முன்பதிவுத் தளத்தில் தெரியும் அறை வாடகையை இரவுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதோடு விமான டிக்கெட்டைக் கூட்டி “இவ்வளவுதான் செலவு” என்று முடிவுகட்டுகிறவர்களுக்குக் கடைசி நாளில் கையைப் பிசைய வேண்டிவரும். ஊர்த்தீவுப் பயணத்தில் அறை வாடகை மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மிச்சத்தை எடுத்துக்கொள்பவை வரி, படகு, நாணயம்.

முதலில் வரி. ஒரு கெஸ்ட் ஹவுஸ் அறை இருவருக்கு இரவுக்கு 50 டாலர் என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறிகள். அந்தக் குறிகளுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. நான்கு இரவுக்கு 200 டாலர். அதன்மேல் 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ்: 220. சுற்றுலா ஜி.எஸ்.டி. 2025 ஜூலை 1 முதல் 17 விழுக்காடு. அதைப் போடுவது 200-இன் மேல் அல்ல, சர்வீஸ் சார்ஜும் சேர்ந்த 220-இன் மேல். ஆக 257 டாலர் 40 சென்ட். இத்தோடு கிரீன் டாக்ஸ். இது அறைக்கல்ல, தலைக்கு; ஒவ்வோர் இரவுக்கும். ஊர்த்தீவில் 50 அறை வரை உள்ள விடுதி என்றால் ஒரு தலைக்கு 6 டாலர், அதற்கு மேல் அறைகள் இருந்தாலோ ரிசார்ட் என்றாலோ 12 டாலர். 2025 ஜனவரியில்தான் இரண்டும் இருமடங்காயின. இருவருக்கு நான்கு இரவு, தலைக்கு 6 என்றால் 48 டாலர். மொத்தம் 305 டாலர் 40 சென்ட். இரவுக்கு 76 டாலருக்கு மேல். விளம்பர விலையைவிட ஒன்றரை மடங்கு.

இதில் கவனிக்க வேண்டியது, அறை எவ்வளவு மலிவோ அவ்வளவு பலமாக கிரீன் டாக்ஸ் கடிக்கும் என்பது. 300 டாலர் அறைக்கு இருவருக்கான 12 டாலர் தூசு. 35 டாலர் அறைக்கு அது மூன்றில் ஒரு பங்கு. “ஒரே அறையில் நான்கு பேர் படுத்துக்கொள்வோம், செலவு பாதியாகும்” என்ற நம் வழக்கமான கணக்கும் இங்கே முழுதாகப் பலிக்காது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டுமே விலக்கு; ஐந்து வயதுப் பிள்ளையும் வரிக்கு முழு ஆள்தான். நால்வர், நான்கு இரவு என்றால் 96 டாலர் கிரீன் டாக்ஸுக்கே போகும். இரண்டு விடுதிகளின் வாடகை ஒன்றுபோல இருந்தால் எத்தனை அறை உள்ள கட்டடம் என்று கேளுங்கள். மாஃபுஷியில் இப்போது அடுக்குமாடி ஓட்டல்கள் நிறைய. 50 அறையைத் தாண்டிய கட்டடமாக இருந்தால், அதே குடும்பத்துக்கு அந்த 96 டாலர் 192 ஆகிவிடும்.

முன்பதிவுத் தளங்கள் இதை ஒரே மாதிரி காட்டுவதில்லை. சில தளங்கள் ஜி.எஸ்.டி.யையும் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்துவிட்டு கிரீன் டாக்ஸை மட்டும் “விடுதியில் செலுத்தவும்” என்று அடியில் பொடி எழுத்தில் போடும். சில எதையுமே சேர்க்காது. பணம் கட்டும் முன் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு, விடுதிக்கு ஒரு வரி எழுதிக் கேட்பது நல்லது: எல்லா வரியும் கிரீன் டாக்ஸும் சேர்த்து இத்தனை பேருக்கு, இத்தனை இரவுக்கு நாங்கள் தரவேண்டிய கடைசித் தொகை எவ்வளவு? வரும் பதிலை அப்படியே கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதே கேள்வியைச் சுற்றுலாப் படகுக்காரரிடமும் கேட்க வேண்டும். 40 டாலர் என்று பலகையில் எழுதியிருக்கும் ஸ்நார்க்கலிங் பயணத்துக்கும் அந்த 17 விழுக்காடு சேரலாம்.

சர்வீஸ் சார்ஜ் பில்லிலேயே இருப்பதால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கடமை இல்லை. பிடித்திருந்தால் கொடுக்கலாம்.

விமான டிக்கெட்டில் ஒரு விசித்திரம் தெரியும். போகும் வழி மலிவாகவும் திரும்பும் வழி ஏகத்துக்கு அதிகமாகவும் இருக்கும். திரும்பும் டிக்கெட்டுக்குள் மாலத்தீவின் புறப்பாட்டு வரி ஒளிந்திருப்பதுதான் காரணம். 2024 டிசம்பர் முதல் எகானமி வகுப்பில் பறக்கும் வெளிநாட்டவருக்கு அது 50 டாலர். விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் தனி. இரண்டும் டிக்கெட்டிலேயே அடங்கிவிடுவதால் விமான நிலையத்தில் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. விசாவும் இறங்கியதும் இலவசம். புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்பும் ‘இமுகா’ என்ற பயணிவிவரப் படிவமும் இலவசம். அந்தப் படிவத்துக்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

படகு விஷயத்துக்கு வருவோம். பணம் அதிகம் வீணாவது இங்கேதான், அதுவும் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே, விமான நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் அந்த நிமிடத்திலேயே.

வேலானா விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித்தீவில் இருக்கிறது. தலைநகர் மாலேவுக்கும் ஹுல்ஹுமாலேவுக்கும் போவது சுலபம். 2018-இல் பாலம் திறந்தபின் பஸ்ஸும் டாக்ஸியும் ஓடுகின்றன. நீங்கள் தங்கப்போகும் தீவுக்கோ கடல் வழிதான். மாஃபுஷிக்கு ஸ்பீட் போட்டில் அரை மணி முதல் முக்கால் மணி. ஓர் ஆளுக்கு ஒரு வழிக்கு 25 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். தெற்கு அரி அட்டோலில் (பவளத்தீவுக் கூட்டம்) உள்ள திகுரா போன்ற தூரத் தீவுகளுக்கு அதைப்போல இருமடங்கும் அதற்கு மேலும் ஆகும். ஆக, தூரத் தீவில் அறை 15 டாலர் மலிவாகக் கிடைத்தால் கொண்டாட ஒன்றுமில்லை. இரண்டு பேர் போய்வரும் படகுக் கூலியில் அந்த மிச்சம் கரைந்துவிடும். நான்கைந்து இரவாவது தங்கினால்தான் தூரத் தீவு கட்டுப்படியாகும். மூன்று இரவுக்கு இரண்டு தீவு என்று திட்டம் போடுவது படகுக்காரருக்குச் செய்யும் தானம். பல இடங்களில் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நேர்ப்படகு இருக்காது. மாலேவுக்குத் திரும்பி வந்து மறுபடி ஏற வேண்டும்.

மலிவான வழியும் உண்டு. எம்.டி.சி.சி. என்ற அரசுப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் ஊர்ப்படகு மாலேவிலிருந்து மாஃபுஷிக்கு ஒன்றரை மணி நேரம் எடுக்கும். கட்டணம் ஸ்பீட் போட் கட்டணத்தில் சிறு பகுதிதான். ஆனால் அது விமான நிலையத்திலிருந்து புறப்படாது. மாலேவுக்குப் போய், நகரத்தின் மறுகோடியில் இருக்கும் படகுத்துறைக்குப் பெட்டியோடு சேர வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த ஊர்ப்படகு கிடையாது. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். நாளுக்கு ஒன்றிரண்டு நடைதான். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் படகு போயிருக்கும். வரும்போது ஸ்பீட் போட், திரும்பும்போது நேரம் ஒத்துவந்தால் ஊர்ப்படகு என்று பிரித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். எங்களைக் கேட்டால் திரும்பும்போதும் வேண்டாம். 20 டாலரை மிச்சம் பிடிக்கப்போய் விமானத்தை விட்டால் அந்த இழப்பை எந்தக் கணக்கிலும் ஈடுகட்ட முடியாது.

ஸ்பீட் போட்டுகளுக்கும் கடைசி நடை என்று ஒன்று உண்டு. மாஃபுஷிக்கு மாலைக்குப் பிறகும் ஓடும். தூரத் தீவுகளுக்குப் பிற்பகல் நான்கு, ஐந்து மணிக்கு மேல் கிடைப்பது கடினம். இரவு எட்டு மணிக்கு வந்திறங்கும் விமானம் இரண்டாயிரம் ரூபாய் மலிவு என்று எடுத்தால், ஹுல்ஹுமாலேவில் ஓர் இரவு தங்க வேண்டும்: அறை, அதற்கான வரிகள், தலைக்கு கிரீன் டாக்ஸ், டாக்ஸி, இரவுச் சாப்பாடு. முதலில் போக வேண்டிய தீவின் படகு அட்டவணையைப் பாருங்கள். அதற்குப் பிறகு விமானம் தேடுங்கள். ரிசார்ட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே விதிதான், தொகைதான் பெரிது. கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும், போய்வர ஓர் ஆளுக்குப் பல நூறு டாலர். ரிசார்ட் பேக்கேஜ் நம்ப முடியாத மலிவாகத் தெரிந்தால் அதில் போக்குவரத்து சேரவில்லை என்று பொருள்.

இனி நாணயம். மாலத்தீவின் பணம் ருஃபியா. ஒரு டாலருக்கு அதிகாரபூர்வ வீதத்தின் உச்சவரம்பு 15.42, வங்கிகளில் பல ஆண்டுகளாக அந்த எண்ணையொட்டியே ஓடுகிறது. சுற்றுலா சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் விலை டாலரில்: அறை, ஸ்பீட் போட், டைவிங். ஊர்க்காரர்கள் வாங்கும் எல்லாவற்றுக்கும் விலை ருஃபியாவில்: டீக்கடை, மளிகை, ஊர்ப்படகு, பஸ். எதை எந்த நாணயத்தில் விலை சொல்கிறார்களோ அதை அந்த நாணயத்திலேயே கொடுங்கள். ருஃபியா விலைக்கு டாலர் நீட்டினால் கடைக்காரர் கணக்குக்கு எளிதாக 15 என்று வைத்துக்கொள்வார். அங்கே கிட்டத்தட்ட 3 விழுக்காடு போச்சு. மீதியும் ருஃபியாவில்தான் வரும், கடைசி நாளில் சட்டைப்பையில் தங்கும். ஊர் திரும்பியபின் அந்த நோட்டை வாங்கிக்கொள்ளும் ஆள் கிடைப்பது அரிது.

சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் ருஃபியா மாற்றினால் போதும். மாற்றும் இடம் விமான நிலையத்தில் இருக்கும் வங்கிக் கவுன்டர். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், மிச்சத்தைத் திருப்பி மாற்றக் கேட்கும்போது தேவைப்படலாம். அந்த நாட்டில் டாலர் தட்டுப்பாடு இருப்பதால், வங்கிக்கு வெளியே அதைவிடக் கூடுதல் ருஃபியா தருகிறேன் என்று காதோரம் சொல்லும் ஆட்கள் உண்டு. அது சட்டத்துக்குப் புறம்பு. மாட்டினால் லாபமும் போகும், பயணமும் போகும்.

இந்தியாவிலிருந்து எடுத்துப்போகும் டாலர் நோட்டு புதிதாக, சுருக்கமில்லாமல், பேனாக் கிறுக்கல் இல்லாமல் இருக்க வேண்டும். கிழிந்த நோட்டை அங்கே வாங்க மறுப்பார்கள். 1, 5, 10, 20 டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். 100 டாலர் நோட்டை வைத்துக்கொண்டு 25 டாலர் படகுக்கு நின்றால் மீதி 75-உம் ருஃபியாவாக வந்து சேரும். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துப்போக ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. மாற்றும் இடத்தில் பான் கார்டும் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கேட்பார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகத் தர முடியாது, வங்கிக் கணக்கு வழியாகவே தர வேண்டும். பணமாற்றத்துக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை அது 0.18 விழுக்காடு, குறைந்தது 45 ரூபாய். பெரிய தொகை அல்ல, பில்லில் பார்த்துத் திடுக்கிடாமல் இருக்கச் சொல்கிறோம். நம் ரூபாய் நோட்டு அங்கே கடையில் செல்லாது.

கார்டு பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. நம் வங்கிகளின் பல கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 விழுக்காடு கூடுதலாகப் பிடிக்கும். அந்தக் கூடுதலின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. இரண்டும் சேர்ந்து 4.13 விழுக்காடு. 500 டாலர் தேய்த்தால் 20 டாலருக்கு மேல் வங்கிக்கு. இது போதாதென்று சில விடுதிகளும் டைவ் கடைகளும் கார்டுக்கென்று தனியாக 3 முதல் 5 விழுக்காடு சேர்ப்பார்கள். முன்னதாகக் கேட்டுவிட்டு ரொக்கமா கார்டா என்று முடிவு செய்யுங்கள். கார்டு இயந்திரம் “இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா?” என்று அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். ரூபாயில் காட்டும் அந்தத் தொகைக்குள் இயந்திரக்காரரின் சொந்த மாற்றுவீதம் இருக்கிறது. எப்போதும் அது உங்களுக்குப் பாதகம்தான்.

டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் ஒரு தவறைச் செய்வார்கள். அந்தக் கார்டால் டாலரில் பில் போட்டால் கூடுதல் பிடித்தம் இல்லை. ருஃபியா பில்லுக்கோ ருஃபியா தரும் ஏடிஎம்முக்கோ அதையே நீட்டினால் டாலரிலிருந்து ருஃபியாவுக்கு மாறும் ‘கிராஸ் கரன்சி’ பிடித்தம் விழும். ஆக விடுதிக்கும் டைவிங்குக்கும் அந்தக் கார்டு, டீக்கடைக்கு ரொக்கம். ஏடிஎம் எல்லாத் தீவிலும் இல்லை. இருக்கும் இடத்திலும் பெரும்பாலும் ஒரே ஒன்றுதான், அது பழுதாகிக் கிடக்கவும் கூடும். வெளிநாட்டுக் கார்டுக்கு அங்கே ஒவ்வொரு முறையும் நிலையான கட்டணம் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக மூன்று முறை எடுத்தால் மூன்று கட்டணம்.

சாப்பாட்டில்தான் உண்மையாகவே மிச்சம் பிடிக்கலாம். அங்கே மீனையும் தேங்காயையும் தவிர ஏறத்தாழ எல்லாமே இறக்குமதி. தூத்துக்குடியிலிருந்து தோணிகளில் காய்கறி போவதே அந்தக் கதையில் ஒரு பகுதிதான். ஆகவே தக்காளியும் வெங்காயமும் போட்ட சாலட் விலை உயர்ந்தது, சூரை மீன் மலிவானது. காலையில் மஸ் ஹுனி: உதிர்த்த சூரையோடு தேங்காய்த்துருவல், வெங்காயம், எலுமிச்சை, பச்சை மிளகாய், தொட்டுக்கொள்ள சப்பாத்தி போன்ற ரொஷி. மாலையில் டீக்கடையில் ‘ஹெதிகா’ என்ற தின்பண்டங்கள், ஒவ்வொன்றும் சில ருஃபியா. குழம்பு வாசத்தில் ஏதோ தெரிந்த சங்கதி அடிக்கும். நம்மூர் மாசிக் கருவாடு அங்கிருந்து வந்ததுதானே. சைவர்கள் ஒரே ஒரு சொல்லை மனப்பாடம் செய்தால் போதும்: ‘மஸ்’ என்றால் மீன். உருண்டை, ரொட்டி, போளி என்று எந்த வடிவில் இருந்தாலும் உள்ளே மீன் இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள்.

கடற்கரையை ஒட்டி, ஆங்கில மெனுவில் டாலர் விலை போட்ட உணவகத்துக்கும், இரண்டு தெரு உள்ளே ஊர் ஆண்கள் உட்கார்ந்து பேசும் கடைக்கும் விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கும். ஊர்க்கடையில் ஃப்ரைட் ரைஸோ கொத்து ரொஷியோ 60 முதல் 100 ருஃபியாவுக்குள் முடியும். வரியிலும் வேறுபாடு உண்டு: ஊர்க்கடைக்கு 8 விழுக்காடு பொது ஜி.எஸ்.டி., விடுதிக்குள் இருக்கும் உணவகத்துக்கு அந்த 17. தண்ணீர் பாட்டிலை விடுதியில் வாங்காமல் மளிகைக் கடையில் ஒன்றரை லிட்டராக வாங்குங்கள். தொழுகை நேரத்தில் கடைகள் கொஞ்ச நேரம் மூடும். வெள்ளிக்கிழமை நண்பகலில் நீண்ட நேரம். பசியோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்தால் கடைசியில் விடுதி உணவகத்தில்தான் போய் உட்காருவீர்கள்.

இரவு உணவும் சேர்த்த ‘ஹாஃப் போர்டு’ எடுக்கலாமா? மாஃபுஷியில் வேண்டாம், கடைகள் நிறைய. இரண்டே கடை உள்ள சின்னத் தீவில், பிள்ளைகளோடு போனால் எடுப்பது புத்திசாலித்தனம்.

மது வாங்கிச் செல்வது சுத்த நஷ்டம். ஊர்த்தீவுகளில் அது தடை. டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலை விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், திரும்பும்போதுதான் கிடைக்கும். ஸ்நார்க்கல் கண்ணாடியும் சன் ஸ்கிரீனும் வீட்டிலிருந்தே கொண்டுபோனால் நல்ல மிச்சம். மூன்று சதுர முனை பிளக்குக்கான அடாப்டர் ஒன்றும் பெட்டியில் போடுங்கள்.

இருவர், மாஃபுஷி, நான்கு இரவு, காலை உணவு விடுதியில் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அறையும் வரியும் 305 டாலர். ஸ்பீட் போட் போய்வர 100. சாப்பாடு ஓர் ஆளுக்கு நாளுக்கு 300 ருஃபியா வீதம் 2,400 ருஃபியா, அதாவது 156 டாலர். முழுநாள் கடல் பயணம் ஒன்று, அரைநாள் ஒன்று, தலைக்கு 40-உம் 25-உம் என்றால் 130. மொத்தம் 691 டாலர். 200 டாலர் என்று தொடங்கிய அறையின் மூன்றரை மடங்கு. விமானம் தனி. முதல் மதிப்பீட்டுக்கு இந்த மூன்றரையை வைத்துக்கொள்ளலாம். தூரத் தீவு என்றால் நான்கு.

இதற்கு மேல் 100 முதல் 150 டாலரைத் தொடாமல் ஓர் உறையில் வையுங்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அறை விலை இறங்கும், கடல் ஏறும். படகு ஒரு நாள் நின்றால் இன்னோர் இரவு வாடகை, இன்னொரு கிரீன் டாக்ஸ், சாப்பாடு. அந்த மாதங்களில் கடல் பயணத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா, அல்லது வேறு நாளுக்குத் தள்ளுவீர்களா? குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் என்ன செய்வீர்கள்? இரண்டாவதைப் பலர் கேட்பதில்லை. நான்கு பேர் சேர்ந்தால் தலைக்கு 40 டாலர் என்ற பயணம், நீங்கள் இருவர் மட்டும் என்றால் படகு முழுவதற்குமான கூலியாக மாறும். மாஃபுஷியில் ஆள் சேர்ந்துவிடும். சின்னத் தீவில் முதல் நாள் மாலையே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, வேறு விடுதிக்காரர்களிடமும் கேட்டு ஆள் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.